காலி செய்துவிட்டுப் போன பதுங்குகுழியில் என்ன இருக்கும்? பொறிவெடிகளின் வரலாறு

உக்ரைன் போர்க் காணொளிகளைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு காட்சி புரியாமல் இருக்கும். எதிரி விட்டுவிட்டுப் போன பதுங்குகுழி, உள்ளே ஆள் யாரும் இல்லை, மேலே ட்ரோன் சுற்றுகிறது, எந்த நிமிடமும் குண்டு விழலாம். ஆனாலும் அந்தக் குழியைப் பிடித்த வீரர்கள் உடனே உள்ளே இறங்கி ஒளிந்துகொள்வதில்லை. வாசலில் நிற்கிறார்கள், தரையைப் பார்க்கிறார்கள், கிடக்கிற முதுகுப்பையைக் கையால் தொடாமல் கொக்கியும் கயிறும் போட்டுத் தூரத்திலிருந்து இழுக்கிறார்கள். உயிர் காக்கும் குழி கண்ணெதிரே இருக்கும்போது ஏன் இந்தத் தயக்கம்?

இந்தத் தயக்கத்துக்கு நூற்றறுபது வருட வரலாறு இருக்கிறது. அதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## முதலில் சொற்கள்

செய்திகளில் எல்லா வெடியையும் 'கண்ணிவெடி' என்று ஒரே சொல்லில் எழுதிவிடுகிறார்கள். மூன்றைப் பிரித்துக்கொண்டால்தான் மேற்கொண்டு புரியும்.

1. கண்ணிவெடி: மண்ணுக்குள் புதைப்பது. ஆள் மிதித்தாலோ வண்டி ஏறினாலோ வெடிக்கும். ஆளுக்கு வைப்பதை ஈழத்தில் மிதிவெடி என்பார்கள்.

2. பொறிவெடி: பார்த்தால் சாதாரணமாகத் தெரிகிற ஒரு பொருளோடு, அல்லது ஆபத்தில்லாததாகத் தோன்றும் ஒரு செயலோடு இணைத்து வைப்பது. கதவைத் திறப்பது, நாற்காலியில் உட்காருவது, கிடக்கிற தொப்பியை எடுப்பது, இதெல்லாம் விசை. 'பொறி' என்ற சொல்லே எலிப்பொறியை நினைவுபடுத்தும். ஈழத்துச் செய்தித்தாள்களில் நெடுங்காலமாகப் புழங்கும் சொல் இது, தமிழ்நாட்டிலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

3. தாமதவெடி: யாரும் தொட வேண்டியதில்லை. வைத்தவர் போய் மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ கழித்துத் தானாக வெடிக்கும்.

ஆங்கிலத்தில் பொறிவெடிக்கு 'பூபி ட்ராப்' என்று பெயர். 'பூபி' என்றால் ஏமாளி, ஸ்பானிய மொழியில் முட்டாளைக் குறிக்கும் 'போபோ' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பையன்கள் பாதி திறந்த கதவின் மேல் தண்ணீர் வாளியை வைத்துவிட்டு, உள்ளே வருகிறவன் தலையில் கவிழ்வதைப் பார்த்துச் சிரிக்கும் விளையாட்டுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். அதே பெயர் போர்க்களத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

## பதுங்குகுழிப் போர் இதற்கு ஏன் இவ்வளவு தோதானது?

நடமாடும் போரில் படைகள் ஓரிடத்தில் தங்குவதில்லை. எதிரி எந்த வழியாக வருவான், எதைத் தொடுவான் என்று ஊகிப்பது கஷ்டம். முதல் உலகப் போரில், 1914 இறுதியில், மேற்குப் போர்முனை வட கடலிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை ஒரே குழிக்கோடாக உறைந்தபோது நிலைமை தலைகீழானது. காரணம் இப்படிப் போகிறது:

1. வீரர்கள் நிலத்துக்குள் குடியிருக்கத் தொடங்கினார்கள். முக்கியமாக ஜெர்மானியர்கள் பல மீட்டர் ஆழத்தில் மரப்பலகை அடித்த அறைகள், படிக்கட்டு, படுக்கை, அடுப்பு என்று வீடு மாதிரியே கட்டிக்கொண்டார்கள்.

2. ஒரு குழியை இழந்தால் எதிரி அதே குழியில்தான் குடியேறுவான். வெட்டவெளியில் குண்டுமழை, வேறு போக்கிடம் இல்லை.

3. அப்படியென்றால், அவன் கை எங்கே போகும் என்று பழைய குடியிருப்பாளனுக்கு அத்துப்படி. எந்தப் படியில் கால் வைப்பான், எந்தக் கம்பளித் திரையை விலக்குவான், குளிரில் நடுங்கி வந்தவன் முதலில் எந்த அடுப்பை மூட்டுவான் என்று எல்லாமே தெரியும், ஏனென்றால் நேற்று வரை அதையெல்லாம் செய்தவன் அவன்தான்.

4. கூடவே ஒன்று: குழியை அவசரத்தில் இழந்தால் இதற்கெல்லாம் நேரம் கிடையாது. திட்டம் போட்டு, நாள் குறித்துப் பின்வாங்கும் படையால்தான் இதை நிதானமாகச் செய்ய முடியும்.

இந்த நான்காவதைத்தான் பலர் கவனிப்பதில்லை. பொறிவெடி பின்வாங்குகிறவனின் ஆயுதம். அதனால்தான் அதன் வரலாற்றில் வரும் பெரிய சம்பவங்களில் பல ஏதாவது ஒரு பின்வாங்கலோடு சேர்ந்தே வருகின்றன.

## யார்க்டவுன், 1862

அமெரிக்க உள்நாட்டுப் போர். வர்ஜீனியாவில் யார்க்டவுன் கோட்டை வரிசைக்கு எதிரே வடக்குப் படை கிட்டத்தட்ட ஒரு மாதம் குழி வெட்டி முற்றுகையிட்டது. மே 3 இரவு தெற்குப் படை சத்தமில்லாமல் வெளியேறியது. மறுநாள் உள்ளே போனவர்களின் காலடியில் பீரங்கிக் குண்டுகள் வெடித்தன. தெற்குப் படையின் ஜெனரல் கேப்ரியல் ரெயின்ஸ், மிதித்தால் வெடிக்கும்படி அவற்றைப் புதைத்திருந்தார். கிணற்றடி, கொடிக்கம்பம், தந்தி அலுவலகம், மாவுப் பீப்பாய் என்று அன்றாடம் புழங்கும் இடங்களிலும் அவை இருந்ததாக வடக்குத் தளபதி மெக்கிளெல்லன் கொதித்துப்போய் எழுதினார். போர்க்கைதிகளை வைத்தே அவற்றை எடுக்க வைத்தார்.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது தெற்குப் படைக்குள்ளேயே நடந்த சண்டைதான். ரெயின்ஸுக்கு மேலிருந்த ஜெனரல் லாங்ஸ்ட்ரீட் இது முறையான போர் இல்லை என்று தடுத்தார். விவகாரம் தெற்கின் போர் அமைச்சர் ராண்டால்ஃப் வரை போனது. அவர் தீர்ப்பு சுருக்கமாக இது: துரத்தி வருகிறவர்களைத் தாமதப்படுத்தச் சாலையில் வைக்கலாம், தாக்குதலை முறியடிக்க மதிலில் வைக்கலாம், ஆனால் வேறு எந்த நோக்கமும் இல்லாமல் நாலு பேர் உயிரை எடுக்க மட்டும் வைக்கக்கூடாது. இன்றைய சட்ட விவாதங்களும் ஏறக்குறைய இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நடக்கின்றன.

## கலிப்போலி: தண்ணீர் சொட்டிய துப்பாக்கி

1915 டிசம்பர். துருக்கியின் கலிப்போலி மலைச்சரிவுகளில் எட்டு மாதம் குழிகளில் கிடந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்து, பிரிட்டிஷ் படைகளைக் கப்பலேற்றிவிட முடிவாயிற்று. சில இடங்களில் துருக்கியர்களின் குழி கல்லெறியும் தூரம். இங்கே துப்பாக்கிச் சத்தம் நின்றால் அவர்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

வில்லியம் ஸ்கரி என்ற இளம் ஆஸ்திரேலிய வீரர் ஒரு நண்பரோடு சேர்ந்து இதற்கு வழி கண்டுபிடித்தார். இரண்டு தகர டின்கள். மேலே உள்ளதில் தண்ணீர், அடியில் ஒரு சிறு ஓட்டை. கீழே உள்ள காலி டின் துப்பாக்கி விசையோடு கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி, கீழ் டின் கனத்துப்போனதும் விசை இழுபட்டுத் துப்பாக்கி சுடும். ஓட்டையின் அளவைப் பொறுத்து நேரம் மாறும். ஆளில்லாத குழியிலிருந்து விட்டுவிட்டுக் குண்டு பாய்ந்துகொண்டே இருந்தது. அன்சாக், சுவ்லா பகுதிகளின் கடைசி ஆட்கள் டிசம்பர் 20 விடிவதற்குள் கடற்கரையை விட்டுப் போனார்கள், சேதம் கிட்டத்தட்ட இல்லை.

இது பொறிவெடி ஆகுமா? ஆகாது. எதிரி எதையும் தொடவில்லை, இங்கே ஏமாற்றப்பட்டது அவன் காது மட்டும்தான். ஆனால் அதே வெளியேற்றத்தில் தொட்டால் வெடிக்கும் வெடிகளும் குழிகளில் வைக்கப்பட்டன. நேச நாடுகளின் எழுத்தில் இதெல்லாம் சாமர்த்தியமாகப் பாராட்டப்பட்டது, பதினைந்து மாதம் கழித்து ஜெர்மானியர்கள் இதைப் பல மடங்கு பெரிதாகச் செய்தபோது காட்டுமிராண்டித்தனம் ஆயிற்று. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அளவில் பெரிய வித்தியாசம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் யோசனை இரண்டு பக்கத்துக்கும் பொது.

## 1917 மார்ச்: ஒரு நிலப்பரப்பு முழுவதும் பொறி

வட பிரான்ஸில் நடந்த சோம் போரில் களைத்துப்போன ஜெர்மன் படை, பின்னால் கட்டிவைத்த ஹிண்டன்பர்க் கோட்டுக்குப் பின்வாங்க முடிவு செய்தது. போர்முனையை சுமார் 40 கிலோமீட்டர் சுருக்கி, பதின்மூன்று டிவிஷன்களையாவது (ஒவ்வொன்றும் பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) மிச்சப்படுத்துவதுதான் கணக்கு. நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'ஆல்பெரிஷ்'. பிப்ரவரி 9-இல் அழிவு வேலை தொடங்கியது, மார்ச் நடுவில் படை நகர்ந்தது.

ஜெர்மன் தலைமைத் தளபதிகளில் ஒருவரான லூடன்டார்ஃபின் உத்தரவு தெளிவானது: விட்டுப்போகும் நிலம் எதிரிக்கு எதற்கும் உதவக்கூடாது. ஊர்கள் தரைமட்டம், சாலைச் சந்திப்புகளில் பள்ளம், கிணறுகள் பாழ், பழமரங்கள் அடியோடு அறுப்பு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வேறிடத்துக்கு. அந்தப் படைக்குழுவின் தளபதி, பவேரிய இளவரசர் ரூப்ரெஷ்ட், இதை எதிர்த்தார், பதவி விலகும் யோசனை வரை போனார். பெரோன் என்ற பிரெஞ்சு ஊரின் நகர மண்டபத்தில் ஜெர்மானியர்கள் போகும்போது ஒரு பெரிய பலகை மாட்டிவிட்டுப் போனார்கள்: 'கோபப்படாதே, வியந்து மட்டும் பார்.' அந்தப் பலகை இன்றும் பெரோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அழித்ததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. அழிக்காமல் விட்டதில்தான் ஆபத்து இருந்தது. சோம் பகுதியில் அந்தக் குளிர்காலம் மிகக் கொடியது, முழங்கால் சேறு, உறைபனி. அதிலிருந்து முன்னேறி வந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்களுக்கு எதிரே, இடிக்காமல் விட்ட ஒரு ஜெர்மன் நிலத்தடி அறை. படியில் ஒரு பலகை லேசாக ஆடுகிறது. வாசலில் கம்பளி தொங்குகிறது. உள்ளே அடுப்பு, பக்கத்தில் நிலக்கரி, சுவரில் சாத்திய மண்வெட்டி, மேசையில் கூர்முனை வைத்த ஜெர்மன் தலைக்கவசம். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்ட எல்லா வீரர்களும் ஆசைப்பட்ட பொருள் அந்தக் கவசம். இவற்றில் எதில் வேண்டுமானாலும் வெடி இருக்கலாம்: படியில், கம்பளியில், அடுப்புக் குழாயில், கரிக்குவியலில், மண்வெட்டிக்குப் பின்னால் ஓடும் கம்பியில், கவசத்துக்கு அடியில்.

கவனியுங்கள், இதில் முட்டாள்தனம் எங்கேயும் இல்லை. குளிருக்கு ஒதுங்குவது, நெருப்பு மூட்டுவது, படியில் கால் வைப்பது எல்லாம் மனிதன் யோசிக்காமல் செய்கிற காரியம். 'ஏமாளிப் பொறி' என்ற ஆங்கிலப் பெயர் செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

## பாபோம் நகர மண்டபம்

மார்ச் 17 அன்று ஆஸ்திரேலியர்கள் வட பிரான்ஸின் பாபோம் நகரத்துக்குள் நுழைந்தார்கள். ஊரே இடிபாடு. நடுவில் நகர மண்டபம் மட்டும் ஓரளவு முழுசாக நின்றது. சோதித்தும் பார்த்தார்கள். அப்புறம் வீரர்கள் அங்கே தூங்க ஆரம்பித்தார்கள், ஆஸ்திரேலிய வீரர் நல நிதியைச் சேர்ந்தவர்கள் சூடான காபி கொடுக்கும் இடமும் அங்கேதான் இருந்தது. ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, ஒரு வாரம் ஆயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

எட்டாவது நாள், மார்ச் 25 இரவு, மண்டபம் மொத்தமாக வெடித்துச் சிதறியது. தூங்கியவர்கள் இடிபாட்டுக்குள். தங்கள் தொகுதியைப் பார்க்க வந்து அன்றிரவு அங்கே தங்கியிருந்த ரவூல் பிரிகே, ஆல்பெர் தாயாந்தியே என்ற இரண்டு பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களும் இறந்தார்கள்.

மேலே மூன்றாவதாகச் சொன்ன தாமதவெடி இது. கடிகாரம் வைத்தால் டிக்டிக் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இது அமிலம் மெல்ல மெல்ல ஓர் உலோகக் கம்பியை அரிக்கும் முறை, ஆகவே சத்தமே கிடையாது. தொட்டால் வெடிப்பதைத் தொடாமல் தவிர்க்கலாம், சோதித்துக் கண்டுபிடிக்கலாம். எட்டு நாள் பத்திரமாக இருந்த கட்டடம் ஒன்பதாவது நாளும் பத்திரம் என்று எதை வைத்துச் சொல்வது? அதன்பின் அந்தப் பகுதியில் முழுசாக நிற்கும் எந்தக் கட்டடத்தையும் யாரும் நம்பவில்லை.

## தேடப் போனவர்கள்

யார் இதையெல்லாம் எடுப்பது? பிரிட்டிஷ் படையில் இந்த வேலை பெரும்பாலும் சுரங்கப் படைப்பிரிவுகளிடம் போனது. எதிரிக் குழிக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடி வைப்பதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள், பாதிப்பேர் ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள். மண்ணும் முட்டுமரமும் அவர்கள் கைக்குப் பழகியவை. புதிதாகக் கிளறிய மண், பழைய பலகையில் மட்டும் மின்னும் ஒரு புது ஆணி, மற்றவற்றோடு நிறம் ஒட்டாத ஒரு முட்டுக்கட்டை, காரணமில்லாமல் ஓடும் கம்பி, இப்படி 'இது இங்கே ஏன்?' என்று கேட்க வைக்கும் சின்ன விஷயங்களைத் தேடினார்கள். 1918 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை முழுசாகப் பின்வாங்கியபோது இவர்கள் வேலை இன்னும் பெருகியது, சாலையும் ரயில் பாதையும் பாலமும் சேர்ந்துகொண்டன.

போரை நிறுத்திய 1918 நவம்பர் 11 உடன்படிக்கையிலேயே இதற்குத் தனி விதி போட்டார்கள். விட்டுப்போகும் பகுதிகளில் வைத்த கண்ணிகளையும் தாமதவெடிகளையும் 48 மணி நேரத்துக்குள் ஜெர்மன் தலைமை தெரிவிக்க வேண்டும், எடுக்கவும் உதவ வேண்டும், கிணறுகளையும் ஊற்றுகளையும் கெடுத்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

## ஆள் சேதத்தை விடப் பெரிய சேதம்

மொத்தப் போரின் சாவுக் கணக்கில் பொறிவெடியின் பங்கு மிகச் சிறியது. பீரங்கி கொன்றதோடு ஒப்பிடவே முடியாது. அப்படியிருந்தும் படைகள் ஏன் அதை விடவில்லை?

1. நேரம். ஒரு குழியில் நிஜமான வெடி இருந்தால் போதும், அடுத்த நூறு குழிகளையும் சோதிக்காமல் நுழைய முடியாது. துரத்துகிறவன் வேகம் விழுந்துவிடும்.

2. இருப்பிடம். 'ஜெர்மன் அறைக்குள் போகாதே' என்று உத்தரவு வந்தால் வீரன் பனியிலும் மழையிலும் வெளியே கிடக்க வேண்டும். காய்ச்சலும் கால் அழுகலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

3. நம்பிக்கை. சுற்றியிருக்கிற ஒவ்வொரு பொருளையும் சந்தேகப்படும் மனம் சீக்கிரம் களைத்துவிடும். களைத்தவன்தான் தவறு செய்வான்.

பின்னால் வந்த போர்களில் கருவிகள் மாறின, இந்தக் கணக்கு மாறவில்லை. 1943-இல் ஜெர்மானியர்கள் நேபிள்ஸை விட்டுப் போய் ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 7 அன்று, அங்கே தபால் நிலையம் வெடித்தது. பாபோம் அப்படியே இன்னொரு முறை நடந்தது போல.

## சட்டம் என்ன சொல்கிறது?

1980-இல் ஜெனீவாவில் உருவான குறிப்பிட்ட மரபு ஆயுதங்கள் (அணு, ரசாயன, உயிரியல் வகை அல்லாதவை) உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை, 1996-இல் திருத்தப்பட்ட அதன் வடிவம், இவை இரண்டும்தான் பொறிவெடிக்கான நேரடிச் சட்டம். முழுத் தடை கிடையாது. சில பொருள்களோடு இணைப்பதைத்தான் தடை செய்கிறது: காயம்பட்டவர், இறந்தவர் உடல், கல்லறை, மருத்துவப் பொருள், குழந்தைகளின் பொம்மை, உணவு, தண்ணீர், சமையல் பாத்திரம், மதப் பொருள்கள், விலங்கு. ராணுவ இடங்களில் இருக்கும் பாத்திரங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பட்டியலை மெதுவாக இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு போரில் யாரோ வெடி வைத்த பொருள், அதனால்தான் சட்டத்தில் ஏறியிருக்கிறது.

இன்னொரு பிரிவு, சாதாரணக் கைப்பொருள் போலத் தோன்றும்படி வெடியையே உள்ளே வைத்துத் தயாரிப்பதைத் தடை செய்கிறது. 2024 செப்டம்பரில் லெபனானில் பேஜர் என்ற சிறு செய்திக் கருவிகள் வெடித்தபோது சட்ட வல்லுநர்கள் முதலில் எடுத்துப் பேசியது இந்தப் பிரிவைத்தான். 1997-இன் ஒட்டாவா உடன்படிக்கையும் இதில் சேரும். ஆள் தொட்டு வெடிக்கும்படி செய்ததை அது பெயரைப் பார்க்காமல் தடை செய்கிறது. இலங்கை அதில் 2017-இல் சேர்ந்தது. உக்ரைன் போரைக் காரணம் காட்டி 2025-இல் எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா, போலந்து, பின்லாந்து ஆகிய நாடுகள் அதிலிருந்து விலக முடிவெடுத்தன. அந்த முடிவுகளின் கனம் புரிய வேண்டுமென்றால் முகமாலையைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் வருடக்கணக்காக எதிரெதிர்க் குழிகளும் மண் அணைகளுமாக இருந்த முன்னரங்கு அது. அங்கே போர் 2009-இல் முடிந்துவிட்டது. வெடி அகற்றும் வேலை அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடியது, மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாக, பெரும்பாலும் கையால். கருவி சத்தம் போட்டால் கீழே இருப்பது துருப்பிடித்த மீன்டின்னாகவும் இருக்கலாம், வெடியாகவும் இருக்கலாம். மண்ணை விலக்கிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.